நாலு எண் பூட்டும் ரெண்டாம் பீட்டாவும்

கடக். கடக். கடக்.

அறுபது வருடத்துக்கு முன் கேட்ட சத்தம். துறைமுகத்தில் கிடங்குக் காவலராக இருந்த அப்பா, வீட்டைப் பூட்டியதும் பூட்டை மூன்று தரம் இழுத்துப் பார்ப்பார். மூன்றாவது கடக் கேட்ட பிறகுதான் தெருவில் இறங்குவார். அப்பா இல்லை. ராயபுரத்தில் அந்த வீடும் இல்லை. சத்தம் மட்டும் என் காதில் இன்னும் குடியிருக்கிறது.

அன்றைக்கு எனக்கு இருந்தது ஒரே வேலை. காசிமேட்டில் படகுக்கார வீட்டுத் தேசம்மாவுக்குப் போன் செய்து, அவள் செல்போனில் ஒரு மென்பொருளைப் புதுப்பிக்கச் சொல்ல வேண்டும். ரெண்டு நிமிட வேலை.

மென்பொருளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கடவுச்சொற்களையும் ரகசிய எண்களையும் பூட்டி வைக்கும் பெட்டி அது. உலகத்தின் மூலைமுடுக்கில் இருக்கும் ஏழெட்டுப் பேர் சம்பளமில்லாமல் எழுதுகிறார்கள். இலவசம். உள்ளே என்ன இருக்கிறது என்று யார் வேண்டுமானாலும் பிரித்துப் பார்க்கலாம். அதன் தமிழ் வாசகங்களை எழுதுவது நான். கப்பல் கம்பெனியில் முப்பது வருடம் தட்டச்சு செய்து ஓய்வு பெற்றவளுக்கு, இலக்கியம் படித்த பட்டம் கடைசியில் இதற்குத்தான் உதவியது.

முழுப் பதிப்பை வெளியிடுவதற்கு முன் பீட்டா என்று சோதனைப் பதிப்புகள் விடுவார்கள். நாலு பேர் பயன்படுத்தி, எங்கே உடைகிறது என்று சொல்ல வேண்டும். அந்தத் தேதிகளைத் திட்டமிடும் குழுவில் என்னையும் சேர்த்திருந்தார்கள். ஒருங்கிணைப்பவர் ஹென்ரிக், குளிர்தேசத்துக்காரர்.

"உங்கள் சோதனையாளர்களுக்கு எப்போது ஓய்வு?" என்று எழுதிக் கேட்டார்.

என் சோதனையாளர்கள் காசிமேட்டுப் படகுக்காரர்கள். "ஏப்ரல் பாதியிலிருந்து ஜூன் பாதி வரை. மீன்பிடித் தடைக்காலம்" என்றேன்.

"அது ஏதாவது விரதமா?"

"இல்லை. மீன்கள் குஞ்சு பொரிக்கும் காலம்."

பிறகு, "சரி, அப்படியே வைத்துக்கொள்வோம்" என்றார். இப்படியாக வங்கக்கடல் மீன்களின் பிரசவத்தை அனுசரித்து எட்டு நாட்டுக்காரர்கள் வேலை செய்தார்கள். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

முதல் பீட்டா மே மாதம். ரெண்டாம் பீட்டாவைத் தடைக்காலத்தின் கடைசி நாளில் வைத்தது நான்தான். அன்று எங்கள் பக்கம் மாதாந்திர மின்தடையும் சேர்ந்து வந்தது. காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை கரண்ட் கிடையாது, எல்லோரும் சும்மாதான் உட்கார்ந்திருப்பார்கள் என்று கணக்குப் போட்டேன். அந்தக் கணக்கை இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

பத்து மணிக்குப் போன் செய்தேன்.

"தேசம்மா, புதுசு வந்திருக்கு. போட்டுடு."

"ஏதோ கேக்குது பெரிம்மா."

"எது கேட்டாலும் சரின்னு அழுத்து."

பாதுகாப்பு மென்பொருளுக்குத் தமிழ் எழுதுகிறவள் சொன்ன வார்த்தை இது. அழுத்தினாள். பத்தாவது நிமிடம் அவளே கூப்பிட்டாள்.

"பெரிம்மா, பொட்டி காலியா கீது."

"காலியாத்தான் இருக்கும். பழைய பெட்டி இதுல திறக்காது, அழிஞ்சிடும். அதைத்தான் அது கேட்டுச்சு."

"அய்ய, அதுல வல ரூம்பு நம்பரு கீதே."

ஆட்டோ பிடித்து ஓடினேன்.

வலை அறை என்பது துறைமுகத்தை ஒட்டிய சின்ன அறை. தேசம்மாவின் புருஷன் அருளின் படகுக்கான வலை முழுக்க அதற்குள். நள்ளிரவு தடை முடியும். சாயங்காலத்துக்குள் வலையும் ஐஸும் ஏறவில்லையென்றால், கூட வரும் ஆறு பேரும் வேறு படகில் ஏறிவிடுவார்கள். ரெண்டு மாதமாகக் கரையில் நின்ற படகு இன்னும் நிற்கும்.

கதவில் நாலு சக்கரப் பூட்டு தொங்கியது. அதுவும் என் யோசனை. அருள் ரெண்டு தடவை சாவியைக் கடலில் போட்டான். மூன்றாவது சாவி எதற்கு, எண் பூட்டு வாங்கு என்று நான்தான் சொன்னேன்.

"சோதனைக்குப் பொய்யா ஏதாவது போடுன்னுதானே சொன்னேன்? நிஜ நம்பரை ஏன் வெச்சே?"

தேசம்மா என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். "புது பீரோ வாங்குனா மொதோ மொதோ பொய்யவா வெப்பாங்க? உப்பும் மஞ்சளும் வெச்சி, அப்பால கல்யாணப் பொடவய வெக்கணும். நல்லத வெச்சாதான் பொட்டி வெளங்கும்."

"முன்னே என்ன நம்பர் வெச்சிருந்தே?"

"நாலுமே ஒண்ணு. உன் பொட்டிதான் அத்த திட்டிச்சி. 'மிகவும் பலவீனமானது'ன்னு செவப்புல போட்சி. அதுவே ஒரு நம்பரு குட்த்துச்சி. போன வாரம் வலையெல்லாம் உள்ள வெச்சிட்டு, பூட்ட அந்த நம்பருக்கு மாத்திட்டேன்."

"எழுதி வெச்சியா?"

"'தாளில் எழுதி வைக்காதீர்கள்'னு நீதான எழுதிகீறே."

"மனசுல?"

"மனசுல வெக்கறதுக்கு இன்னாத்துக்குப் பொட்டி?"

அவள் சொன்ன ஒவ்வொரு வாசகமும் நான் தமிழாக்கியது. 'பலவீனமானது' என்ற சொல்லைத் தேர்ந்தெடுக்க ஒரு சாயங்காலம் முழுக்க யோசித்திருந்தேன்.

வலை பின்னும் சேகர் சுத்தியலோடு வந்தான். ஆறு அடி அடித்தான். ஏழாவதில் சுத்தியலின் காம்பு முறிந்தது.

"பெரிம்மா சொன்ன பூட்டுன்னா சும்மாவா" என்றான்.

அருள் வெல்டிங் கடைக்கு ஓடிப் போய் வந்தான். "கட்டிங் மிஷினு கீது. கரண்டுதான் இல்ல. அஞ்சு மணியாவும்ன்றான். எவன் மாமு இன்னிக்குப் பாத்து இத்த போடச் சொன்னது?"

நான் கடலைப் பார்த்தேன்.

அடுத்து சேகர் பூஜ்யத்திலிருந்து ஒவ்வோர் எண்ணாகத் திருக ஆரம்பித்தான். மொத்தம் பத்தாயிரம். மூன்று நொடிக்கு ஒன்று என்றாலும் எட்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்றேன். "நீ கணக்கு போட்ட வரிக்கும் போதும் பெரிம்மா" என்றான் அருள். நானூற்றுச் சொச்சத்தில் சேகருக்குப் போன் வந்தது; எடுக்கும் அவசரத்தில் கை பட்டுச் சக்கரங்கள் உருண்டன. பேசி முடித்துவிட்டு, நானூற்றுப் பதினேழா நானூற்று எழுபத்தொன்றா என்று கேட்டான். ரெண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை போட்டார்கள்.

நான் ஒரு கவிழ்த்த மீன்கூடைமேல் உட்கார்ந்து ஹென்ரிக்குக்கு எழுதினேன். பழைய பெட்டியை எப்படியாவது மீட்க முடியுமா?

"எங்களாலேயே முடியாது. அதுதான் இதன் சிறப்பு" என்று உடனே பதில் வந்தது. "பிழை நேர்ந்த விதத்தைப் படிப்படியாக எழுத முடியுமா?"

எழுதினேன். ஒன்று, ஒரு படகு வாங்கவும். இரண்டு, சாவியைக் கடலில் போடவும். மூன்று, பாதுகாப்பைப் பற்றி ஒரு கிழவியிடம் யோசனை கேட்கவும்.

"எங்கள் பீட்டாவை இதுவரை யாரும் இவ்வளவு உண்மையாகப் பயன்படுத்தியதில்லை" என்று நெகிழ்ந்து எழுதினார்.

மணி ரெண்டு. படகு ஆள் ஒருவன் வந்து, "இன்னாண்ணா, பக்கத்துப் படகுல கூப்டுகினுகீறாங்க, நாங்க போவட்டா?" என்று கேட்டான். தேசம்மா கதவில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். என்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை. "நீ இன்னா பண்ணுவ பெரிம்மா, டீ குட்ச்சியா?" என்று கேட்டாள். அதுதான் தாங்கவில்லை.

எழுந்து போய்ப் பூட்டைப் பிடித்தேன். திறக்கும் என்றெல்லாம் நினைக்கவில்லை. கை தானாகப் போனது. அப்பா மாதிரி இழுத்தேன்.

கடக். கடக். களுக்.

மூன்றாவது சத்தம் தப்பாக இருந்தது. மறுபடி இழுத்தேன். களுக். வாழ்நாள் முழுக்கச் சொற்களின் ஓசைக்குக் காது கொடுத்தும் ஒரு கவிதை தேறவில்லை. ஆனால் இந்தக் களுக் பூட்டின் குரல் இல்லை என்று மட்டும் தெரிந்தது.

"அருளு, சத்தம் பூட்டுலேருந்து வரல. பூட்டு மாட்டியிருக்கிற கொண்டியிலேருந்து வருது."

குனிந்து பார்த்தான். கொண்டியைக் கதவோடு பிடித்திருந்தவை நாலு ஸ்க்ரூ. அதில் ரெண்டு எப்போதோ விழுந்துவிட்டன. மிச்ச ரெண்டும் துருப்பிடித்து ஆடிக்கொண்டிருந்தன. எஞ்சின் பெட்டியிலிருந்து திருப்புளி எடுத்து வந்தான். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. கதவு திறந்தது. பூட்டு மட்டும் பூட்டியபடியே கொண்டியில் கம்பீரமாகத் தொங்கியது.

சேகர் பூட்டைப் பார்த்துச் சொன்னான். "நான் அறுநூத்தி அம்பது வரிக்கும் போயிட்டேன் மாமு."

நாலரைக்குள் வலை ஏறிவிட்டது. ஆறு பேரும் ஏறினார்கள். நாலாம் நாள் அருள் ஒரு வஞ்சிரத்தை என் வீட்டில் கொடுத்துவிட்டு, வாசல் கதவின் கொண்டியை ஆட்டிப் பார்த்துவிட்டுப் போனான்.

ஹென்ரிக்குக்குச் சோதனை முடிவை அனுப்பினேன்: பூட்டு உறுதி, கதவு பலவீனம். அவர் சோதனையாளரின் கருத்தையும் கேட்டார். தேசம்மா சொன்னாள்: "பழச தொறக்காத புதுச இன்னாத்துக்கு வுட்றீங்க?"

அதை நல்ல மொழியில் பெயர்த்து அனுப்பினேன். பீட்டா விடுவதற்கான விதிகளில் அதை முதல் விதியாகச் சேர்த்தார்கள்.

இப்போது அந்தத் திட்டக் குழுவில் நான் இல்லை. தேசம்மா இருக்கிறாள்.