வளைதிரை வீரர் ஈயை வென்ற படலம்

வாழ்க, ஒருக்களித்துப் படுத்தபடியே உலகத்துக் கொலைகளையெல்லாம் துப்பறிந்த வங்கிக் காசாளர்! கண்ணயரும்போதெல்லாம் கைநழுவி விழுந்த பழைய தட்டை மின்னூல் கருவியால் நாசியில் எண்ணற்ற விழுப்புண் ஏற்றும் புறமுதுகிடாத அப்பெருந்தகை, மனைவியின் ஏளனப் பார்வையென்னும் வேற்படையைக் கடந்து, கொடியினும் துவள்வதாய், ஓரத்தைச் சற்றே வளைத்தால் பக்கம் புரள்வதாய் விளங்கிய வளைதிரை மின்னூல் கருவியைத் தம் மார்போடு சேர்த்தார். வாரப்பத்திரிகையைப் பிடித்திருப்பது போலவே இருந்ததில் அவருக்கு அப்படியொரு சந்தோஷம்.

அதில் அவர் படித்தது ஒரு மாளிகைக் கொலை நாவல். கொலையாளி யாரென்று தாமே கண்டறிவது அவர் பூண்ட விரதம். அதே நாவலை முன்பே முடித்துவிட்டு, நுனிநாக்கில் விடையோடு அலைந்த மைத்துனரைக் கண்டு கூடம் அதிர முழங்கினார்: "யாராவது வாயைத் திறந்தீங்க, அப்புறம் நான் மனுஷனா இருக்க மாட்டேன், ஆமா!" மைத்துனர் பல் மருத்துவர், வாயைத் திறக்கச் சொல்லியே பழகியவர். பாவம், மூடிக்கொண்டார்.

விடுமுறை நண்பகல். கடைசி அத்தியாயம் நெருங்கிய வேளையில் வந்தது ஈ. ரீங்காரப் போர்முரசு கொட்டி, காதுமடலை முற்றுகையிட்டு, மூக்கின் நுனியில் வெற்றிக்கொடி நாட்டிய அந்தக் கருமேனிப் பகைவனை வீரர் ஊதினார், விசிறினார், தலையணையால் தாக்கினார். அதுவோ சுவரில் போய் அமர்ந்து நிதானமாகக் கைகளைத் தேய்த்துக்கொண்டது. அவருக்கு ரத்தம் கொதித்தது. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் அல்லவா? காலமெல்லாம் பத்திரிகையைச் சுருட்டி ஈயடித்தே உரமேறிய வலக்கரம், எதைச் சுருட்டுகிறோம் என்று கேட்கவில்லை. சுருட்டியது, ஓங்கியது, இடியென இறங்கியது.

ஈ மாண்டது. பதறிப்போய் விரித்துப் பார்த்தார். கீறலில்லை, ஒளி மங்கவில்லை! "பாத்தீங்களா! இதுக்குத்தான் வளையுறதா பாத்து வாங்கினேன்!" என்ற வெற்றிமுழக்கம் கேட்டு மனைவியும் மைத்துனரும் ஓடிவந்தனர்.

அந்தோ! சுருட்டிய வேகத்தில் பக்கங்களெல்லாம் புரண்டோடி, கதை கடைசிப் பக்கத்தில் போய் நின்றிருந்தது. அங்கே தோட்டக்காரன் கைவிலங்கோடு எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டிருந்தான். ஊர் வாயையெல்லாம் அடைத்தவருக்குத் தம் கையை அடக்கத் தெரியவில்லையே! அழுகையே வந்துவிட்டது அவருக்கு.

"இப்பவாவது நான் வாயைத் திறக்கலாமா, அத்தான்?" என்றார் மைத்துனர்.

மனைவி ஈரத்துணி கொண்டுவந்து சுவரைத் துடைத்தாள்.