கராடியில் இட்லி விசாரணை

பாரில் அவைகள் பல கூடியிருக்கின்றன. போரை நிறுத்தக் கூடியவை உண்டு. ஆற்று நீரைப் பங்கிடக் கூடியவை உண்டு. ஆயினும், ஆவி பறக்கும் இட்லியை எதிரே வைத்துக்கொண்டு, அதைத் தொடாமல், அது ஆறி அடங்கும்வரை அதன் குணதோஷங்களை ஆராய்ந்த பொறுமை, புனே மாநகரத்துக் கராடியில் எங்கள் தமிழ் அவைக்கு மட்டுமே உரியது. புலனடக்கத்தைப் பாடிய பெரியோர் அன்று எங்களைக் கண்டிருப்பின், தம் பாட்டில் ஓரடியை எங்களுக்கு ஒதுக்கியிருப்பர்.

எங்கள் அடுக்ககத்தில் தமிழ்க் குடும்பங்கள் மிகுதி. சென்னையும் கோவையும் லிஃப்டில் சந்தித்துக்கொள்ளும். சந்தித்து இந்தியில் பேசிக்கொள்ளும். இவர்களைத் தமிழால் பிணைக்க வேண்டி, ஞாயிறுதோறும் காலையில் கிளப் ஹவுஸில் பதிகம் ஓதும் வழக்கத்தை நான் தொடங்கிவைத்தேன். முதலில் பத்துப் பாட்டு, பின்னர், ஓதுவோர் பெறும் பயனைச் சொல்லும் பதினோராம் பாட்டு, அதன்பின் கற்பூர ஆரத்தி, அதன்பின் சிற்றுண்டி. இளையவர்கள் பதினோராம் பாட்டுக்குத் தவறாமல் வந்துவிடுவார்கள். பயனில் நாட்டமுடைய தலைமுறை.

அருணாச்சலம் அண்ணாச்சி மட்டும் முதற்பாட்டிலேயே வந்து அமர்வார். திருநெல்வேலிக்காரர், தாபோடியில் தொழிற்சாலைப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர். நெடுநாள் நீரிழிவு உண்டு. காலை உணவுக்கு முன் இன்சுலின் போட்டுக்கொள்ள வேண்டும். போட்டபின் தாமதமின்றிச் சாப்பிட்டாக வேண்டும். இதற்காக அவர் கடிகாரம் பார்ப்பதில்லை. நான் பத்தாம் பாட்டை எடுத்ததும் எழுந்து அடுத்த அறைக்குப் போய், சட்டையைத் தூக்கி வயிற்றில் ஊசியைப் போட்டுக்கொண்டு திரும்புவார். பதினோராம் பாட்டு முடியும், ஆரத்தி முடியும், தட்டு கைக்கு வரும். மருத்துவர் சொன்னபடி இரண்டு இட்லி, கிண்ணம் நிறையச் சாம்பார். பக்தியும் மருத்துவமும் இவ்வாறு தாளம் தப்பாமல் நடந்து வந்தன.

இத்தகைய ஒழுங்கைக் காணப் பொறாமல்தான் சீர்திருத்தம் பிறக்கிறது.

அதைப் பெற்றெடுத்தவர் ரோஹிணி. ஹிஞ்சேவாடி மென்பொருள் பூங்காவில் பார்த்த வேலையை உதறிவிட்டு, கைப்பேசி வழியாகவே பயின்று, கைப்பேசி வழியாகவே ‘நல்வாழ்வுப் பயிற்றுநர்’ பட்டமும் பெற்ற விதுஷி. ஒரு ஞாயிறன்று அண்ணாச்சியின் தட்டைக் கண்டு அவர் பதறினார்.

“அண்ணாச்சி! டயபெடிஸை வெச்சுக்கிட்டு இட்லியா? ப்யூர் ஸ்டார்ச்!”

“டாக்டர் ரெண்டு திங்கச் சொல்லிருக்காரும்மா.”

“டாக்டர்ஸுக்கு மெடிசின்தான் தெரியும். சாப்பாடு பத்தி என்ன தெரியும்?”

அன்று மாலையே ‘சிற்றுண்டி நெறிமுறை உயர்மட்டக் குழு’ அமைந்தது. தலைவர் பட்டாபிராமன், மென்பொருள் நிறுவனத்தில் மேலாளர், மூவர் சேர்ந்து நின்றால் அதைக் கூட்டமாக்கி, நிகழ்ச்சி நிரல் கேட்பவர். ரோஹிணி அறிவியல் உறுப்பினர். வங்கியில் பணிபுரியும் பத்ரி பொது உறுப்பினர். அவருக்கு இட்லியைவிட வடையின் எதிர்காலமே கவலை. நான் மரபு உறுப்பினன்.

“என்னையும் சேத்துக்கிடுங்களேன்” என்றார் அண்ணாச்சி. “சக்கரை எனக்குல்லா இருக்கு.”

“அதான் பிரச்சினையே, அண்ணாச்சி” என்று பட்டாபிராமன் கனிவோடு விளக்கினார். “நோய் இருக்கறவரைச் சேத்தா நோய்க்கு சாதகமாப் பேசிட்டாங்கன்னு நாளைக்கு ஒரு பேச்சு வரும். கமிட்டியில யாருக்கும் சுகர் இருக்கக் கூடாது. ந்யூட்ரலா இருக்கணும்.”

நடுநிலைமையின் இலக்கணத்தை இவ்வளவு தெளிவாக எந்த உரையாசிரியரும் சொன்னதில்லை. நானும் மற்றவர்களும் எங்களுக்கு நீரிழிவு இல்லையென்று அவ்விடத்திலேயே உறுதி கூறினோம்.

அடுத்த ஞாயிறு வந்தது. பத்தாம் பாட்டை எடுத்தேன். அண்ணாச்சி எழுந்து சென்று ஊசி போட்டுக்கொண்டு வந்தார். பதினோராம் பாட்டு நிறைவுற்றது. ஆரத்தியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அவர் தட்டை நோக்கிக் கை நீட்டினார். குறுக்கே பட்டாபிராமன் நின்றார்.

“ஒரு அஞ்சு நிமிஷம், அண்ணாச்சி. இன்னிக்கு முடிவெடுத்துட்டுதான் சாப்பாடு. சாப்பிட்டப்புறம் சாப்பிடலாமான்னு பேசினா லாஜிக் இடிக்கும்.”

“ஊசி போட்டுட்டேன்லா, தம்பி.”

“சூப்பர். அப்ப நீங்கதான் நம்ம லைவ் கேஸ். வாங்க, முன்னாடி உக்காருங்க.”

அண்ணாச்சியை ப்ரொஜெக்டர் திரையருகே நாற்காலியிட்டு அமர்த்தினோம். சிற்றுண்டிப் பாத்திரங்கள் மூடப்பட்டன. ஓர் இட்லி மட்டும், விசாரணைக்கு வந்த குற்றவாளியைப்போல, நடுமேசையில் வைக்கப்பட்டது.

“அப்ப காலையில வேற என்னதான் சாப்பிடறது?” என்று பத்ரி தொடங்கினார். “போஹா ஓகேவா?”

“போஹா ஓகே. ரொம்ப லைட்” என்றார் ரோஹிணி.

“அது நம்ம அவல்தானே? அரிசிதானே?”

“அவல்னு சொல்லிச் சாப்பிட்டா ரைஸ், சார். இங்க ஊர்ல போஹாவா சாப்பிடறப்போ அது லோக்கல் ஃபுட். பாடி அக்செப்ட் பண்ணிக்கும்.”

மராட்டிய மண்ணின் உணவைக் குறை கூறுவது அண்டை அயலாரோடு நல்லுறவுக்கு ஊறு விளைவிக்கும் என்பதால் போஹா ஏகமனதாக விடுவிக்கப்பட்டது.

“இட்லிக்குப் பதிலா தினை இட்லி பண்ணலாம். நானே மாவு சப்ளை பண்றேன்” என்றார் ரோஹிணி.

“தினையில ஸ்டார்ச் இல்லியா?”

“இருக்கு. ஆனா அது டிரெடிஷனல் ஸ்டார்ச்.”

‘மரபு’ என்ற சொல் எழுந்ததும் அவையின் பார்வை என்மீது திரும்பியது. நான் எழுந்தேன். குறிஞ்சி நிலத்துத் தினைப்புனத்தையும், பரண்மீதிருந்து கிளி கடிந்த மகளிரையும், வேலவன் தேனும் தினைமாவும் உவந்ததையும் விரித்துரைத்தேன். தினையை உண்ட குறவருக்கோ, திருடித் தின்ற கிளிகளுக்கோ நீரிழிவு வந்ததாக எப்பாட்டிலும் சான்றில்லை என்று நிறுவினேன். சான்றுப் பொருளாகத் தினைமாவும், ஒரு புட்டி மலைத்தேனும் கொண்டுசென்றிருந்தேன். கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

இதற்கிடையில் அண்ணாச்சிக்கு நெற்றியில் வியர்வை அரும்பியது.

“பாத்தீங்களா? தினைன்னு கேட்டதுக்கே டாக்ஸின்ஸ் வெளிய வருது” என்றார் ரோஹிணி.

அண்ணாச்சியின் விரல்கள் நடுங்கின. பத்ரி பரிவோடு எழுந்து ஏசியைக் குறைத்தார்.

“எனக்கு... கண்ணு... என்னமோ...” என்றார் அண்ணாச்சி. மேற்கொண்டு சொற்கள் குழறின.

“வேற ஏதாவது சொல்லணுமா, அண்ணாச்சி?” என்று தலைவர் முறைப்படி வினவினார். அண்ணாச்சி தலையைத் தொங்கவிட்டார். ‘பாதிக்கப்பட்ட தரப்புக்கு ஆட்சேபம் இல்லை’ என்று தலைவர் மடிக்கணினியில் பதிந்துகொண்டார்.

அப்போது அடுத்த அறையில் தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்த அண்ணாச்சியின் மனைவி அமலா உள்ளே வந்தார். கணவர் முகத்தைக் கண்டார். அவைமரபு எதையும் பேணாமல் ஓடிவந்தார்.

“ஐயோ, இவுகளுக்குச் சக்கரை எறங்கி லோ ஆயிட்டு! சக்கரை எடுங்க! சீக்கிரம் சக்கரை எடுங்க!”

அவை திகைத்தது. நீரிழிவு உள்ளவருக்குச் சர்க்கரையா? நாங்கள் தீர ஆராய்ந்துகொண்டிருந்த கொள்கையையே வேரோடு சாய்க்கும் வேண்டுகோள் அல்லவா?

“சுகர் இங்க கிடையாது, ஆன்ட்டி. போன வாரமே பேன் பண்ணிட்டோம்” என்றார் ரோஹிணி. “சுகர்-ஃப்ரீ ஸ்டீவியா இருக்கு, தரட்டுமா?”

“சேர்மன் சார், இதுக்கு ஓட்டெடுப்பு வேணுமா?” என்றார் பத்ரி.

“டயபெடிக்குக்கு ஸ்வீட்னா... அது பாலிசி மேட்டர்” என்று பட்டாபிராமன் யோசித்தார். “புலவர் சார் என்ன சொல்றேள்?”

மரபில் இதற்கு இடமுண்டா என்று நான் நினைவைத் துழாவத் தொடங்கினேன். துழாவி முடிப்பதற்குள் அமலா என் சான்றுப் பொருளான தேன் புட்டியைப் பறித்து, மூடியைத் திருகி, “வாயைத் திறங்க... முழுங்குங்க...” என்று கரண்டி கரண்டியாகக் கணவருக்குப் புகட்டினார். பிறகு கைப்பையிலிருந்து சர்க்கரை அளக்கும் கருவியை எடுத்து, விரலில் குத்திப் பார்த்தார். “ஐம்பத்திரண்டு” என்றார்.

சற்று நேரத்தில் அண்ணாச்சிக்குக் கண்ணில் தெளிவு வந்தது. நடுமேசையில் இருந்த இட்லியை அமலா எடுத்து ஊட்டினார். விசாரணை முடியுமுன் குற்றவாளி மறைந்தது. பாத்திரத்தைத் திறந்து இன்னொன்றும் ஊட்டினார். பின்னர் மீண்டும் சோதித்தார்.

“இப்ப எவ்வளவு, மாமி?” என்று பட்டாபிராமன் ஆவலோடு கேட்டார்.

“நூத்து நாப்பது. நல்லாருக்கு.”

“ஐம்பத்திரண்டுலேர்ந்து நூத்து நாப்பது!” தலைவர் துள்ளி எழுந்தார். “இட்லி சாப்பிட்டா சுகர் ஏறும்ங்கறதுக்கு இதைவிட என்ன ப்ரூஃப் வேணும்? நம்ம கண்ணு முன்னாடியே ஏறித்தே!”

“அவுக உயிர் திரும்பிருக்கு. அதை ஏத்தம்ங்கியளா?” என்று அமலா கேட்டார். “நேரத்துக்குத் தின்ன விட்டிருந்தா இது எதுவும் வந்திருக்காதுய்யா!”

“விடு, அமலா” என்றார் அண்ணாச்சி மெல்ல. “பாட்டு கேக்கத்தான் வந்தேன். இனி வீட்டுலயே ரேடியோவுல கேட்டுக்கிடுதேன்.”

மனைவியின் தோளைப் பற்றிக்கொண்டு அவர் வெளியேறினார். அதற்குப் பின் ஞாயிறுகளில் அவர் வரவில்லை. பத்தாம் பாட்டில் எழுந்து போக ஆளில்லாததால் ஓதுதல் இடையூறின்றி நடக்கிறது.

தீர்மானம் அன்றே நிறைவேறியது: நீரிழிவு உள்ளோர் தம் பெயரைக் குழுவிடம் தெரிவிக்க வேண்டும்; அவர்களுக்கு மஞ்சள் தட்டு வழங்கப்படும்; மஞ்சள் தட்டில் இட்லி காணப்பட்டால் அருகில் இருப்போர் எடுத்துவிடலாம். தட்டுகள் வாங்கி அடுக்கப்பட்டன. தலைவர் வாரந்தோறும் பெயர் கேட்டார். ஒருவரும் முன்வரவில்லை. முன்னர் வாய்விட்டுச் சொன்னவர்கள்கூட ரிப்போர்ட் தவறென்று சொல்லிவிட்டு இரண்டாம் முறை பொங்கல் வாங்கிக்கொண்டார்கள். மருந்தின்றி, பத்தியமின்றி, வெறும் தட்டின் நிறத்தாலேயே ஓர் அடுக்ககத்தில் நீரிழிவை அடியோடு ஒழித்த பெருமை எங்கள் குழுவைச் சேர்ந்தது.

சென்ற வாரம் ஒரு வேலையாக, நகரின் மறுகோடியிலுள்ள தாபோடிவரை போனேன். கராடியில் மருந்துக்கடைகளுக்குக் குறைவில்லை. எனினும் தாபோடியில் அமைதி அதிகம். அங்கே ஒரு மருந்துக்கடையில் தொப்பியும் முகக்கவசமும் அணிந்த ஒருவர், கடைக்காரர் குளிர்பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்த இன்சுலின் பேனாவைப் பைக்குள் திணித்துக்கொண்டிருந்தார். தொப்பிக்குக் கீழே தெரிந்த நெற்றித் திருமண்ணைக் கொண்டு பட்டாபிராமன் என்று கண்டுகொண்டேன்.

“எனக்கில்லே, சார்” என்றார், நான் எதுவும் கேட்குமுன். “பக்கத்து ஃப்ளாட்காரருக்கு.”

அதற்குள் கடைக்காரர் என்னைக் கண்டு, “ஆயியே அங்கிள்” என்று இந்தியில் வரவேற்றுச் சிரித்து, நான் வாய் திறவாமலே என் சர்க்கரை மாத்திரை அட்டைகளை எடுத்து மேசைமேல் வைத்தார்.

“நீங்க?” என்றார் பட்டாபிராமன்.

“நானும் பக்கத்து ஃப்ளாட்காரருக்குத்தான்” என்றேன்.

ஒரே மாடியில் அடுத்தடுத்த கதவுகள் எங்களுடையவை. என் பக்கத்து ஃப்ளாட்காரர் அவர். அவருடைய பக்கத்து ஃப்ளாட்காரன் நான்.