சாமி பாட்டுக்குப் போட்ட ஓட்டு

புதுச்சத்திரம்,
விஷு வருஷம், ஆனி மாதம், வியாழக்கிழமை.

வாழப்பாடி கடலை மண்டி மச்சான் அப்புசாமி அவர்களுக்கு, தங்கள் தங்கை முத்தாயம்மாளின் புருஷன் கந்தப்பன் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. தங்கள் சுகத்துக்கும், அக்காவின் சுகத்துக்கும், மண்டியில் கடலை விலை இறங்காமல் இருப்பதற்கும் செங்கோட்டு வேலவனை வேண்டிக்கொள்கிறேன். இங்கே எருமை சுகம். என்னைப் பற்றித் தெரிய வேண்டுமானால் மேற்கொண்டு படிக்கவும்.

முத்தாயி அங்கே பத்திரமாக வந்து சேர்ந்தாள் என்று பஸ் கண்டக்டர் சொன்னார். போகும்போது என்னிடம், "அண்ணன் ஊட்டுக்குப் போயிட்டு வாரனுங்க" என்று மட்டும்தான் சொன்னாள். நான் ஏதோ கோயில் நோம்பிக்குப் போகிறாள் என்று நினைத்து, சரி போயிட்டு வா என்று சொல்லிவிட்டுப் பாட்டுப் புஸ்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் உள்ளே போய்ப் பார்த்தால் சேலைகள் இல்லை, சீப்பு இல்லை, அவள் தலையணையும் இல்லை. தலையணையைத் தூக்கிக்கொண்டு யாராவது நோம்பிக்குப் போவார்களா, நீங்களே சொல்லுங்கள். அவளைத் திருப்பி அனுப்பி வைக்க வேண்டும் என்பதுதான் இந்தக் கடிதத்தின் சாராம்சம். அவள் அங்கே என்ன சொல்லியிருப்பாளோ தெரியாது, ஆகையால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

இதை எழுதும்போதே சேலத்திலிருந்து ஒரு பஸ் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். இரண்டு மூட்டை மிளகாயும் ஒரு போலீஸ்காரரும் இறங்கினார்கள்.

போன மாசியில் சர்க்கார் ஜனத்தொகை எடுத்தபோது நம் பக்கத்துக்கு என்னைத்தான் போட்டார்கள் என்பது தங்களுக்குத் தெரியும். வீடு வீடாகப் போய் எண்ணிப் பழகிய கை சும்மா இருக்குமா? அந்தச் சமயத்தில்தான் சென்னைச் சினிமாப் பத்திரிகைக்காரர்கள் இந்த வருஷத்துச் சிறந்த பாட்டுக்குத் தங்கப் பதக்கம் கொடுக்கப் போகிறோம், ரசிகர்கள் அபிப்பிராயம் எழுதுங்கள் என்று போட்டிருந்தார்கள். நான் பழைய பத்திரிகைகளையெல்லாம் எடுத்து, இதுவரை பதக்கம் வாங்கிய படங்களை வரிசையாக எழுதி, எந்தப் படத்தில் எத்தனை பாட்டு, எதற்கு எத்தனை ஒன்ஸ்மோர், பாட்டுக்கு முந்தி யாராவது செத்தார்களா என்றெல்லாம் கட்டம் போட்டு ஆராய்ந்தேன். பாட்டு அதிகமாக இருந்தால் பதக்கம் வரும் என்று எல்லோரும் சொல்வது சுத்தப் பிசகு, மச்சான். சென்னைக்காரன் ஒன்ஸ்மோர் கேட்ட பாட்டுக்குப் பதக்கம் வந்திருக்கிறது, அவ்வளவுதான். இங்கே கொட்டகையில் தரை டிக்கெட்டுக்காரன் தொண்டை கிழியக் கத்தி ஒரே பாட்டை மூன்று தரம் ஓட்டச் சொல்கிறானே, அதற்கு எந்தக் கட்டத்திலும் இடம் இல்லை. நம் ஜனங்களுக்குக் காது இல்லையா? எனக்கு ஆத்திரம் பொறுக்கவில்லை. ஊர் முழுக்கக் கேட்டுப் புள்ளிவிவரம் அனுப்புவது என்று கிளம்பிவிட்டேன்.

கிளம்பினது தப்பு இல்லை. ஆனால் சர்க்கார் கணக்கெடுத்த அதே பையை மாட்டிக்கொண்டு போனது தப்பு. மேற்குக் காட்டுச் செங்கோடன் என்னைக் கண்டதும் ஏர் மாட்டை நிறுத்திவிட்டு, "ஏனுங்க, பாட்டுக் கேக்கறதுக்கும் வரி போடறாங்களா?" என்று கேட்டான். இல்லையப்பா, நம் ஊர்க் கொட்டகையில் ஓடுகிறதே, அந்தப் படத்தில் உனக்கு எந்தப் பாட்டு உசத்தி என்று சொல், போதும் என்றேன். அவன் நாலா பக்கமும் பார்த்துவிட்டு, "சாமி பாட்டுத்தானுங்க" என்றான். ஒரு புள்ளி வைத்தேன். பருத்திக் காட்டுச் சின்னண்ணன் யோசிக்கக்கூட இல்லை, "சாமி பாட்டுங்க" என்றான். இன்னொரு புள்ளி. இப்படியே ஊர் பூராவும் சாமி பாட்டு. அந்தப் படத்தில் முருகப் பெருமான் மயில்மேல் வந்து கடைசியில் பாடுகிற பாட்டு நல்ல பாட்டுத்தான், இருந்தாலும் இவ்வளவு பக்தியா நம் ஊரில் என்று எனக்கே உடம்பு சிலிர்த்துவிட்டது. பெண்களைத் தனியாகக் கேட்கவில்லை. ஜனத்தொகைக்கே குடும்பத் தலைவர் சொன்னால் போதும் என்பதுதான் முறை, பாட்டுக்கு அதைவிட என்ன வேண்டும்? நம் வீட்டுக்கு நான்தான் தலைவர் என்பதால் என் புள்ளியையும் முத்தாயியின் புள்ளியையும் நானே வைத்துவிட்டேன்.

போன வாரம் பத்திரிகை வந்தது. முருகன் வேஷக்காரருக்குப் பதக்கம். நான் அனுப்பிய கணக்கை என் பேரோடு போட்டு, சேலம் ஜில்லா ரசிகர்களின் பக்தியே பக்தி என்று புகழ்ந்து எழுதியிருந்தார்கள். காப்பிக் கடையில் நின்று உரக்கப் படித்தேன். ஒருத்தரும் கை தட்டவில்லை. சின்னண்ணன் எழுந்து வந்து, "நான் எங்கீங்க அந்த மயிலுக்காரரைச் சொன்னேன்? காட்டுக்குள்ள வழி தப்பிப் போயி அழுதுட்டே பாடுமே, அந்தச் சாமியைத்தானுங்க சொன்னேன்" என்றான். தொலைந்துபோன குழந்தையின் பாட்டு. செங்கோடன் அவனைத் தள்ளிக்கொண்டு வந்து, "அதெப்படி? நான் சொன்னது கண்ணுத் தெரியாத பெரிய சாமியை. மண்டபத்துல குந்திப் பாடுவாரே, அவரைப் போயி உட்டுட்டீங்களே" என்றான். கிழவர் பாட்டு. நம் ஊரில் குழந்தையும் சாமி, வயசானவரும் சாமி, கோயிலில் இருப்பவரும் சாமி. சென்னைக்காரன் இதில் ஏமாந்தால் சரி. இங்கேயே பிறந்து, நடவு ஆளிலிருந்து நண்டு சிண்டு வரைக்கும் வாய்க்கு வாய் சாமி என்று கூப்பிடுகிற எனக்கு, எந்தச் சாமி என்று ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லையே. ஆனால் நம் பக்கத்தில் அதை யார் கேட்பார்கள்? யாராவது கேட்டு நீங்கள் கேள்விப்பட்டிருக்கிறீர்களா?

நாமக்கல் பக்கத்திலிருந்து ஒரு பஸ். அவள் அந்தப் பக்கத்திலிருந்து வரமாட்டாள், தெரியும். இருந்தாலும் போய்ப் பார்த்தேன்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து முத்தாயியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கட்டம் போட்ட காகிதத்தையும் காட்டினேன். அவள் விரலை வைத்து, "நம்ம ஊட்டுக்கு நேரா ரெண்டு புள்ளி இருக்குதே, இந்த ரெண்டாவது ஆருதுங்க?" என்று கேட்டாள். உன்னுடையதுதான் என்றேன். "நான் என்ன சொன்னேனாமா?" என்றாள். சாமி பாட்டு என்று சொன்னேன். "ஓ" என்றாள். அந்த ஒரு எழுத்துத்தான், மச்சான். அதற்குப் பிறகு எருமையைக் கறந்தாள், சோறு போட்டாள், மறு நாள் காலையில் தலையணையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

அவள் குழந்தை கட்சி என்பது எனக்கு இப்போது விளங்கிவிட்டது. மாவாட்டும்போது அந்தக் குழந்தைப் பாட்டைத்தான் முணுமுணுப்பாள், நானே கேட்டிருக்கிறேன். ஆகவே அவள் புள்ளியை முருகனிடமிருந்து எடுத்துக் குழந்தைக்கு வைத்துவிட்டேன். பதக்கத்தை மாற்றிக் கொடுக்கும்படி பத்திரிகைக்கும் எழுதினேன். குத்தின பதக்கத்தைப் பிடுங்கும் வழக்கம் எங்களுக்கு இல்லை என்று பதில் வந்துவிட்டது. நான் வேறு என்ன செய்யட்டும்? ஒன்று மட்டும் அவளுக்கு நீங்கள் அண்ணன் என்ற முறையில் எடுத்துச் சொல்ல வேண்டும். புள்ளிவிவர சாஸ்திரப்படி ஒரு தனி ஆளின் புள்ளி இந்தப் பக்கம் இருந்தாலும் அந்தப் பக்கம் இருந்தாலும் சராசரி அசையாது. அசையாத ஒன்றுக்காக ஒருத்தி வீட்டை விட்டுப் போகலாமா?

இங்கே நிலைமை சரியில்லை. எருமை என்னை உதைக்கிறது. அவள் சேலை ஒன்றைப் போர்த்திக்கொண்டு போனால் கறக்க விடும் என்று சொன்னார்கள், அவள் ஒரு சேலையும் விட்டுவைக்கவில்லை. சோறு ஒரு நாள் கஞ்சி, ஒரு நாள் கரி. கிராமபோன் பெட்டியில் இருக்கிற பழைய பாட்டுப் பிளேட்டை வைத்தால் பாதிப் பாட்டில் எழுந்து வாசலுக்குப் போய்விடுகிறேன். வீடு வெறிச்சென்று இருக்கிறது, மச்சான். உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது, எழுந்தால் எங்கே போவது என்று தெரியவில்லை. எனக்கு அவள் வேணும். இதைச் சொல்ல எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

ஆகையால் கோபத்தை விட்டு, கிடைக்கிற பஸ்ஸில் முத்தாயம்மாளை அனுப்பி வைக்கவும். அக்காவுக்கு என் நமஸ்காரம். குழந்தைகளுக்கு என் ஆசீர்வாதம், எல்லோரும் கல்வியும் கடலையுமாகப் பெருக வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள மாப்பிள்ளை,
கந்தப்பன்.

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுகிற சமயத்தில் பக்கத்து வீட்டுக் காளியாத்தாள் தயிர் கொண்டு வந்தாள். நியாயம் என் பக்கம்தானே என்று தெரிந்துகொள்ள அவளுக்கு முழுவதையும் படித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஏனுங்க, முத்தாயி அந்தப் படத்தையே பாக்கலீங்களே" என்றாள். என்ன உளறுகிறாய், நான் எத்தனை தடவை போயிருக்கிறேன் என்றேன். "நீங்க போனீங்க. ஊட்டைப் பூட்டிட்டு அவளையுங் கூட்டிட்டா போனீங்க?" என்றாள். கொட்டகையில் பெண்கள் பக்கம் தனியாகத் தட்டி கட்டியிருப்பார்கள் அல்லவா, அவள் அந்தப் பக்கத்தில் இருப்பாள் என்றுதான் நான் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன். பாட்டெல்லாம் முணுமுணுக்கிறாளே என்று கேட்டேன். "அதெல்லாம் நீங்க பாடிக் கேட்டதுதானுங்க. எல்லாமே எங்க ஊட்டுக்காரர் தொண்டையில கேட்டது, இதுக்குப் போயி எப்படித்தான் பதக்கம் குடுக்கறாங்களோன்னு அவ எங்கிட்டச் சொல்லிச் சிரிப்பாளுங்க" என்றாள். போகும்போது, "ஒரு நாளாச்சும் வாரியான்னு கேப்பாருன்னு கிளம்பி நிப்பாளுங்க" என்றும் சொன்னாள்.

மேலே எழுதிய எதையும் அவளிடம் சொல்ல வேண்டாம். சராசரியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அவளை அனுப்பவும் வேண்டாம். நாளைக் காலை முதல் பஸ்ஸில் நானே வாரேன். அந்தப் படம் இப்போது சேலத்தில் ஓடுகிறது. திரும்பி வரும் வழியில் பார்த்துவிட்டுப் போகலாம், வாரியா என்று கேட்கத்தான் வருகிறேன் என்று அவளிடம் சொல்லிவையுங்கள். கதையை நான் முந்திச் சொல்ல மாட்டேன். பக்கத்தில் நின்று பாடவும் மாட்டேன்.