வாசல்வரை போன நாற்காலி

சிவில் டிப்ளமோ கைக்கு வந்த புதிதில் எதையாவது கட்டாவிட்டால் யாருக்கும் தூக்கம் வராது. எனக்கும் வரவில்லை. புதுத் துறைமுகத்துக்குப் பாறை கொட்டிக்கொண்டிருந்த காலம். ஆனால் என்னை யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. ஆகவே எங்கள் பகுதி நூலகத்துக்கு ஒரு சாய்தளம் போடுவதென்று முடிவு செய்தேன்.

காரணம் என் அக்கா ரெஜினா. சிறுவயதில் இளம்பிள்ளை வாதம் வந்து நடக்க முடியாமல் சக்கர நாற்காலிக்கு வந்தவள். வீட்டில் அவளைப்போல் படிப்பவர் யாருமில்லை. நூலகத்துக்கோ உயரமான படிகள். அதனால் புத்தகம் எடுத்துவருவது தங்கச்சி நான். (கதைப் புத்தகம் கேட்பாள், கோழி வளர்ப்பு கொண்டுவருவேன்.)

"ஒரே ஒரு நாளு நானே அலமாரியப் பாத்து எடுக்கணும்ளா" என்பாள்.

நூலகரிடம் அனுமதி வாங்கினேன். நீளம், அகலம், சாய்வு, தாங்கும் எடை எல்லாவற்றையும் வரைந்து அந்தோணி மாமாவிடம் கொடுத்தேன். மாமா சொந்தமாக வள்ளம் வைத்திருப்பவர். வரைந்தபடியே பலகை அடித்தார். கூடவே, வள்ளத்தைக் கரையேற்றும்போது செய்வதுபோல் பலகை முழுக்கச் சுறா எண்ணெயும் தடவிவிட்டார்.

"மாமா, என்ன இது?"

"ஏளா எஞ்சினியரு, வழுக்குனாத்தான ஏறும்!"

வள்ளத்துக்குச் சக்கரம் கிடையாது, நாற்காலிக்கு உண்டு என்பது எனக்கும் உறைக்கவில்லை. (உராய்வுப் பாடத்தில் வகுப்பிலேயே நான்தான் முதல்.) இருவரும் தள்ளினோம். முன்சக்கரம் வாசலைத் தொட்டது. கதவைப் பிடிக்க அக்கா கையை நீட்டினாள். அப்போது மாமாவின் கால் வழுக்கியது. அவர் என்மேல் சாய, இருவரும் பக்கவாட்டில் தெருவில் விழுந்தோம். நாற்காலி பின்னோக்கி இறங்கி, தெருவைக் கடந்து, எதிர்ப்பக்க மணல் குவியலில் நின்றது. முகம் நூலகத்தைப் பார்த்தபடியே அக்கா தூரமாகப் போனாள்.

"அடி பட்டிச்சாக்கா?"

"இல்லளா. இன்னும் ஒரு தள்ளு தள்ளிருக்கலாம்."

நூலகர் வெளியே வந்தார். "பலகையத் தூக்குங்க! இது படிக்கிற எடமா, மீன் ஏலம் போடுத எடமா?"

பலகை போயிற்று, வாடை போகவில்லை. அக்கா நுழைய முடியாத அந்த வாசலில் தெருப் பூனைகள் தாராளமாகப் போய்வந்தன. மறுபடி அனுமதி கேட்கப் போனபோது நூலகர் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

இன்றும் நான் புத்தகத்தோடு வீட்டுக்குள் நுழைந்தால், "பூனையெல்லாம் படிச்சு முடிச்சிட்டுதா?" என்று யாராவது கேட்பார்கள். எல்லோரையும்விட உரக்கச் சிரிப்பவள் அக்காதான். சிரித்து முடித்ததும் சொல்வாள்: "அன்னைக்கு எறங்கும்போது சன்னல் பக்கம் ஒரு செவப்பு அட்டை தெரிஞ்சுதுளா. அத எடுத்துட்டு வா."

நானும் சிவப்பு அட்டையாகப் பார்த்துக் கொண்டுவருகிறேன். கையில் வாங்கி, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது இல்லளா" என்கிறாள்.