அது கேஸ் இல்லை சம்பந்தி, தேன்கூட்டு மிட்டாய்

எர்ணாவூர்,
வியாழக்கிழமை, காலை ஜெபத்துக்குப் பின்.

மார்த்தாண்டத்தில் வீடும் ரப்பர் தோட்டமும் தேனீப் பெட்டிகளுமாகச் சிறந்து விளங்கும் மதிப்பிற்குரிய சம்பந்தி ஞானாபரணம் அவர்களுக்கு, அருள்பிரகாசம் இரு கை கூப்பி எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் மனைவி தேவகிருபையும் கர்த்தர் கிருபையால் சுகம். மகன் அபினும் சுகம், ஆனால் என்னோடு பேசுவதில்லை. அங்கே தாங்களும், சம்பந்தியம்மாவும், மருமகள் ஜெஸ்லினும், பிறந்து ஐந்து மாதமாகியும் நான் இரண்டே நாள் மடியில் வைத்திருந்து மீதி நாளெல்லாம் போனில் மட்டும் பார்க்கிற என் பேரனும் குறைவில்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

தாங்கள் மூன்று நாளாக என் போனை எடுக்காததால் இந்தக் கடிதம். ஞாயிற்றுக்கிழமை எடுத்தபோதும் இரண்டே வாக்கியம்தான் பேசினீர்கள். "டி.வி.யில நீங்களே சொல்லிட்டிய, பிள்ளைகளை அந்த ஊர்ல வைக்கப்பிடாதுன்னு. இனி நான் எப்படி மகளையும் பேரனையும் அங்க அனுப்புவேன்" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டீர்கள். நியாயமான கேள்வி. முகத்தில் ஈரத் துவாலையைக் கட்டிக்கொண்டு, "இது சாதாரண வாயு கிடையாது, குழந்தைகளை உடனே வெளியூருக்கு அனுப்பிவிடுங்கள்" என்று நாடு முழுக்கச் சொன்ன அந்த ஆள் நான்தான். மறுக்க முடியாது, அது கல்யாணத்தில் தாங்கள் கொடுத்த துவாலை. ஆனால் நடந்தது என்ன என்பதைத் தாங்கள் முழுதாகத் தெரிந்துகொண்டால், இருபதாம் தேதி ரயிலில் ஜெஸ்லினையும் பேரனையும் மனப்பூர்வமாக ஏற்றிவிடுவீர்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

எல்லாம் ஆரம்பித்தது ஜெஸ்லினால்தான், அதாவது அவள் மேல் எனக்கிருக்கிற பாசத்தால்தான். இரண்டு வாரத்துக்கு முன் போனில் பேசும்போது, "மாமா, பெரிய கடையில ஒரு தடவை தேன்கூடு மாதிரி ஒரு மிட்டாய் சாப்பிட்டேன், உள்ளுக்குள்ள ஓட்டை ஓட்டையா, கடிச்சா மொறுமொறுன்னு. அது நினைப்பாவே இருக்கு" என்றாள். ஊர் திரும்புகிற மருமகள் வாசலில் கால் வைக்கும்போது அந்த மிட்டாய் தட்டில் இருக்க வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். தேவகிருபை இதைத் தேன் மிட்டாய் என்று நினைத்துக்கொண்டு, "அதுக்கு எதுக்கு மெனக்கெடணும், முக்குக் கடையில பாட்டில் நிறையச் சிவப்பா வச்சிருக்கானே" என்றாள். அது வேறு, இது வேறு என்று புரியவைக்க நான் அபின் போனில் ஒரு வீடியோ போட்டுக் காட்டினேன். அதில் ஒரு அம்மாள் நாலு நிமிஷத்தில் செய்து முடிக்கிறார். சர்க்கரையும் தேனும் சேர்த்துக் காய்ச்ச வேண்டும், பாகு பொன்னிறமானதும் அடுப்பை அணைத்து ஆப்ப சோடா போட வேண்டும், குப்பென்று நுரைத்து எழும்பும், தட்டில் கொட்டி ஆறவிட்டு உடைத்தால் தேன்கூடு. சம்பந்தி, முப்பத்திரண்டு வருடம் பாய்லர் முன்னால் நின்றவன் நான். கொதிப்பது, நுரைப்பது, பொங்குவது எதையும் எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை என்று அப்போது நினைத்தேன்.

முதல் தடவை ஒரு கப் சர்க்கரையில் செய்தேன். அருமையாக வந்தது. ஆனால் எங்கள் ஊர்க் கடல்காற்றுக்கு அரை மணி நேரத்தில் பிசுபிசுத்து, தேவகிருபையின் கட்டுப்பல் அதில் மாட்டிக்கொண்டு, வெந்நீரில் ஊறவைத்து எடுக்கும்படி ஆயிற்று. இதிலிருந்து நான் கண்டுபிடித்தது, மிட்டாய் சிறிதாக இருந்தால் காற்று சுலபமாக உள்ளே புகுந்துவிடுகிறது, பெரும் பாறையாகச் செய்தால் நடுப்பாகமாவது தப்பிக்கும் என்பது. ஆகவே எட்டுக் கிலோ சர்க்கரை வாங்கினேன். கீழ்த்தளத்தில் ஷாகுல் ஹமீது பாய் இருக்கிறார், கல்யாணங்களுக்குப் பாத்திரம் வாடகைக்கு விடுபவர். அவரிடம் பிரியாணி அண்டா ஒன்று கேட்டேன். "எத்தினி பேருக்கு, பாய்லர் சார்?" என்றார். "ஒரு ஆளுக்கு" என்றேன். ஒரு மாதிரி பார்த்துவிட்டுக் கொடுத்தார். தேனுக்குப் பஞ்சமில்லை, தாங்கள் அன்போடு அனுப்பிய இரண்டு பாட்டில் இருந்தது. ஆகவே நடந்ததில் தங்களுக்கும் ஒரு சிறு பங்கு உண்டு என்பதைப் பணிவோடு நினைவூட்டுகிறேன்.

சனிக்கிழமை காலை தேவகிருபை பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டத்துக்குச் சர்ச்சுக்குப் போயிருந்தாள். அபின் வேலைக்குப் போய்விட்டான். நான் தனியாக மூன்றாம் மாடியில் ஒன்றரை மணி நேரம் பாகு காய்ச்சினேன். நிறம் வந்ததும் அடுப்பை அணைத்தேன், அதில் நான் தவறவில்லை. தவறு சோடாவில். வீடியோவில் அந்த அம்மாள் கப்புக்கு ஒரு ஸ்பூன் என்றாரே தவிர எந்த ஸ்பூன் என்று சொல்லவில்லை. எங்கள் வீட்டில் குழம்புக் கரண்டிக்கும் ஸ்பூன் என்றுதான் பெயர். அந்தக் கணக்கில் நாற்பது ஸ்பூன் போட்டேன்.

அதன் பிறகு அண்டாவுக்குள் நடந்ததை நான் பாய்லர் வேலையில்கூடப் பார்த்ததில்லை. முதலில் ஒரு பெருமூச்சு மாதிரி சத்தம். பிறகு பொன்னிறமாக ஒரு மலை எழுந்தது, விளிம்பைத் தாண்டியது, அடுப்பை மூடியது, மிக்ஸியை விழுங்கியது, பால்கனிப் பக்கம் திரும்பியது. அவசரமாக இன்னொரு அண்டா இருந்தால் மீதியைப் பிடித்துவிடலாம் என்று கதவைத் திறந்து போட்டுவிட்டுக் கீழே ஓடினேன். அதற்குள் மலை பால்கனித் தண்ணீர்த் துளை வழியாக இரண்டாம் மாடிக்கு இறங்கத் தொடங்கிவிட்டது. இரண்டாம் மாடியில் குப்பம்மா இருக்கிறார், மீன் விற்பவர், கொடியில் கருவாடு காயப்போட்டிருந்தார். "யாருய்யா மேல, இன்னாமோ நுரை கணக்கா எறங்கிகினு கீது, சுடுது வேற" என்று அவர் போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டது.

நான் கீழே வந்தபோது தெருவில் ஊரே நிற்கிறது. எல்லார் முகத்திலும் ஈரத்துணி. கேட்டால், ஏதோ ஒரு வாசனை வருகிறதாம், நல்ல வாசனையாம். சம்பந்தி, தாங்கள் தோட்டத்தில் இருப்பவர், தங்களுக்கு இது புரியக் கொஞ்சம் சிரமம். சுற்றிலும் கெமிக்கல் கம்பெனிகள் இருக்கிற எங்கள் பக்கத்தில் நாற்றம் வந்தால் யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை, இது இன்ன நேரத்து நாற்றம் என்று கடிகாரம் சரிபார்த்துக்கொள்வோம். ஷாகுல் பாய் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார், "முப்பது வருசமா இந்தத் தெருவுல எனக்குத் தெரியாத நாத்தம் கிடையாது சார். இது புதுசு. வாசனை சூப்பரா கீது. அதான் பயமா கீது." உடனே எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். கெமிக்கல் கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் இந்தத் தெருவில் நான் ஒருவன்தான். "பாய்லரு, நீ மோந்து பாத்து சொல்லு, இது இன்னா கேஸு" என்று மேலே இருந்து கேட்டார் குப்பம்மா. நான் ஆழமாக மூச்சு இழுத்தேன். எனக்கு ஒரு வாசனையும் தெரியவில்லை. ஒன்றரை மணி நேரம் அதிலேயே நின்றதில் மூக்கு மரத்துப் போயிருக்கிறது என்பது பிறகுதான் புரிந்தது. ஒரு தெரு நம்பிக்கையோடு பார்த்துக்கொண்டிருக்கும்போது, ஒன்றும் தெரியவில்லை என்று எப்படிச் சொல்வது? "இனிப்பா இருக்கா?" என்று கேட்டேன். "ஆமா" என்றார்கள். "அப்ப ரொம்ப ஆபத்து" என்றேன். இதைச் சொன்ன பிறகு தோளில் கிடந்த துவாலையை நனைத்து நானும் முகத்தில் கட்டிக்கொண்டேன். மேலே பொங்கிக்கொண்டிருந்த அண்டாவையே மறந்து, உண்மையாகவே பயந்தும் போனேன். அந்த நேரம் பார்த்து மைக்கோடு ஒரு டி.வி. பெண் வந்து சேர்ந்தார். மீதியைத் தாங்கள் பார்த்தீர்கள்.

நான் பேசி முடிப்பதற்குள் நெடுஞ்சாலையில் மறியல் தொடங்கிவிட்டது. டோல்கேட் வரைக்கும் கன்டெய்னர் லாரி நிற்கிறது என்றார்கள். இருபது நிமிடத்தில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் இருந்து ஃபிர்தௌஸ் என்று ஒரு பெண் அதிகாரி ஜீப்பில் வந்து இறங்கினார், எங்கள் ஜெஸ்லின் வயதுதான் இருக்கும். இத்தனை வருடமாக எத்தனையோ மனு கொடுத்தும் ஒருவரும் எட்டிப் பார்க்காத தெரு. அவர் முகமூடியைக் கழற்றிவிட்டு மோந்து மோந்து நடந்தார். நிபுணர் என்ற முறையில் நான் முன்னால் போய்க் கூட்டத்தை விலக்கி வழிகாட்டினேன். எங்கள் பிளாக்குக்குள் நுழைந்தார். வழிவிடச் சொன்னேன். முதல் மாடி ஏறினார், ஏறினேன். இரண்டாம் மாடி ஏறினார், ஏறினேன். மூன்றாம் மாடியில் திறந்து கிடந்த கதவின் முன்னால் நின்று, பக்கத்துச் சுவரில் இருந்த பலகையை நிதானமாக வாசித்தார். "பி. அருள்பிரகாசம், பாய்லர் ஆபரேட்டர், ஓய்வு." பிறகு என் பக்கம் திரும்பி, "சார், உங்க பேர் என்ன சொன்னீங்க?" என்று கேட்டார்.

சம்பந்தி, அந்த நிமிடத்தை எழுத எனக்குச் சக்தியில்லை. துவாலையை அவிழ்த்தேன், அவ்வளவுதான். உள்ளே அண்டாவுக்கு மேல் இன்னொரு அண்டா உயரத்துக்கு மிட்டாய் உறைந்து நின்றது. பால்கனி வழியாக வழிந்தது குப்பம்மாவின் கொடிவரைக்கும் தொங்கி, கருவாட்டையும் சேர்த்துக்கொண்டு கல்லாகிவிட்டது. குப்பம்மா தைரியசாலி. தன் பால்கனியில் இருந்தே ஒரு துண்டு உடைத்து வாயில் போட்டு, "மிட்டாய்யா இது" என்று மேலே பார்த்துக் கத்தினார். கொஞ்சம் மென்ற பிறகு, "கருவாட்டோட துன்னா இன்னும் நல்லா கீது" என்றார். என்னை அடித்தே கொன்றுவிடுவார்கள் என்று நினைத்தேன். ஆனால் ஷாகுல் பாய் மட்டும் மெதுவாக என் காதில், "சார், மிட்டாய்னு நீங்க ஒத்துக்காதீங்க. ஆபிசரம்மா இவ்ளோ வருசம் கழிச்சி இப்பதான் வந்துகீறாங்க, எழுதி வாங்காம வுடக் கூடாது" என்றார். அந்த அதிகாரி அதற்குள் மாதிரிக்கு என்று ஒரு துண்டைப் பையில் போட்டுக்கொண்டு, இன்னொரு துண்டைக் கடித்துக்கொண்டிருந்தார். "பயப்படாதீங்க, அடுத்த வாரம் காத்தை அளக்க ஆள் அனுப்பறேன்" என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். ஆளுக்கொரு துண்டு மிட்டாய் கொடுத்த பிறகுதான் மறியல் கலைந்தது. லாரி டிரைவர்களுக்கும் கொடுக்கும்படி ஆயிற்று.

மறுநாள் கடல்காற்றில் மீதி எல்லாம் இளகி, மூன்று மாடிப் படியிலும் ஒட்டிக்கொண்டது. காலையில் இறங்கிப் போனவர்களின் செருப்பெல்லாம் படிக்கட்டிலேயே வரிசையாக நின்றது. எர்ணாவூர், மணலி புதுநகர் எறும்புகள் முழுக்க எங்கள் வீட்டில்தான். ஷாகுல் பாயின் அண்டாவை இன்னும் வெந்நீர் ஊற்றி ஊறவைத்துக்கொண்டிருக்கிறோம். தேவகிருபை சனிக்கிழமையே கூட்டத்தில் இருந்து வந்து வாசலில் நின்று பார்த்து, துடைப்பத்தை என் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பவும் சர்ச்சுக்கே போய்விட்டாள்.

ஆகவே சம்பந்தி, கசிந்தது வெறும் சர்க்கரை. காற்றில் ஒரு குறையும் இல்லை. முப்பத்து நான்கு வருடமாக நாங்கள் இதைத்தான் சுவாசிக்கிறோம், அபின் இதிலேதான் பிறந்து வளர்ந்து ஆறடி உயரம் ஆனான். பேரனுக்காக உள் அறையை வெள்ளையடித்துத் தொட்டிலும் கட்டியாயிற்று. நான் செய்த முட்டாள்தனத்துக்குப் பேரனைத் தண்டிக்க வேண்டாம். இதுதான் என் மன்றாட்டு. ஊரில் எங்களுக்கு வேறு பிள்ளை இல்லை, எங்கள் வீட்டில் சத்தமே இல்லை. ஜெஸ்லினை இருபதாம் தேதி கட்டாயம் அனுப்பிவைக்கவும்.

சம்பந்தியம்மாவுக்கு எங்கள் வணக்கத்தையும், ஜெஸ்லினுக்கு எங்கள் ஆசீர்வாதத்தையும், பேரனுக்கு இரண்டு கன்னத்திலும் ஒவ்வொரு முத்தத்தையும் மறவாமல் சேர்க்கவும். கர்த்தர் தங்கள் போக்கையும் வரத்தையும் காப்பாராக.

தங்கள் கீழ்ப்படிதலுள்ள,
பி. அருள்பிரகாசம்

பின்குறிப்பு, சனிக்கிழமை: உறையை ஒட்டுவதற்கு முன் இதையும் எழுதிவிடுகிறேன். ஆள் அனுப்புகிறேன் என்ற அந்த அதிகாரி வியாழன் மதியம் தானே வந்து, எங்கள் மொட்டைமாடியில் காற்றை அளக்கிற ஒரு வெள்ளைப் பெட்டியை வைத்தார். சமையல் புகை கணக்கில் சேராமல் இருக்க ஒரு நாள் அடுப்புப் பற்றவைக்க வேண்டாம் என்றார். நான் பிளாக்கில் உள்ள எல்லா வீட்டையும் அணைக்கச் சொல்லிவிட்டேன், எங்கள் காற்றின் சுத்தம் சந்தேகமில்லாமல் வெளிப்பட வேண்டும் என்று. நேற்று வந்து பெட்டியைப் பார்த்தார். தட்டிப் பார்த்தார். திரும்பப் பார்த்தார். "இங்க எத்தனை வருஷமா இருக்கீங்க?" என்று கேட்டார். சொன்னேன். பெட்டியின் மூடியைச் சாத்திவிட்டு, "வீட்ல குழந்தைங்க யாரும் இல்லையே சார்" என்றார். ஆகவே மேலே எழுதியதில் தங்கள் நலம் விசாரித்த பகுதியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அடித்துவிடவும். ஜெஸ்லினையும் பேரனையும் அனுப்ப வேண்டாம். நாங்களே இருபதாம் தேதி அங்கே வருகிறோம். எங்களுக்கு மாடி அறை போதும். ஜன்னல் மட்டும் திறக்கிற மாதிரி இருந்தால் நல்லது. தேவகிருபை முப்பத்து நான்கு வருடமாக ஜன்னலைத் திறந்து வைத்துத் தூங்கியதே இல்லையாம், இதை நேற்றுத்தான் என்னிடம் சொல்கிறாள். கொசுவுக்காகச் சாத்துகிறாள் என்று இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன்.