கர்தினாலுக்குப் பொருள் கேட்டுப் பாவியான கதை

நான் கிறிஸ்தவன் அல்ல. ஆனாலும், செய்த பாவத்தை ஃபாதரிடம் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனத்தில் ஒரே ஒரு முறை உட்கார்ந்திருக்கிறேன். இருபத்தைந்து நிமிடம். எங்கள் அதியமான்கோட்டையில் இன்றுவரை அதுதான் சாதனை.

அன்றன்றைய செய்தியை நாட்குறிப்பில் எழுதுவது என் வழக்கம். பொருள் தெரியாத சொல்லை எழுதுவதில்லை என்பது விதி (விதி போட்டவனும் நான், மாட்டிக்கொண்டவனும் நான்). புதிய போப்பைத் தேர்ந்தெடுக்கக் கர்தினால்கள் கூடுகிறார்கள் என்று டிவி சொன்ன அன்று பேனா நின்றுவிட்டது. அகராதியில் ‘திருச்சபையின் உயர்பதவி’ என்றிருந்தது. அது பதவி, பொருள் எங்கே? கேட்டே தீருவது என்று சனிக்கிழமை மாலை தருமபுரிக்கு பஸ் ஏறினேன்.

தேவாலயத்தில் ஐந்தாறு பேர் பெஞ்சில் காத்திருந்தார்கள். ஃபாதரைப் பார்க்கவா என்றேன். ஆமாம் என்றார்கள். கிளினிக்கில் உட்காருவதுபோல நானும் உட்கார்ந்தேன். என் முறை வந்தபோது ஒரு மரக் கூண்டு; வலைக்கு அப்பால் ஃபாதரின் காது மட்டும் தெரிந்தது. (அப்போதாவது யோசித்திருக்கலாம்.) முழங்காலிட்டுக் கேட்டேன்.

காது விலகி, வலையில் ஒரு கண் வந்து என்னைப் பார்த்தது. பிறகு அந்த நல்ல மனிதர், கதவின் கீலைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது, திருச்சபை என்னும் கதவு அவர்களைப் பிடித்துத்தான் திரும்புகிறது என்றார். அத்தோடு எழுந்திருக்கலாம். எந்த நூற்றாண்டிலிருந்து, சிவப்பு அங்கி எதற்கு, ஆயருக்கும் பேராயருக்கும் என்ன வேறுபாடு என்று குறிப்பெடுத்தபடி கேட்டுக்கொண்டே போனேன்.

வெளியே வந்தால், அடுத்த ஆளாகக் காத்திருந்தவர் எங்கள் தெரு ஸ்டெல்லா. நான் வீடு சேருமுன் செய்தி சேர்ந்துவிட்டது.

“பத்து வருசம் கழிச்சுப் போன ஸ்டெல்லாக்கா வூட்டுக்காரருக்கே அஞ்சு நிமிசந்தானாங்க,” என்றாள் என் மனைவி செல்வி. “உங்களுக்கு இருபத்தஞ்சு நிமிசம் சொல்ற அளவுக்கு என்ன இருந்துச்சு?”

“கர்தினாலுக்கு அர்த்தம் கேட்டேன்.”

“நல்லா யோசிச்சே சொல்லுங்க. நான் எங்கயும் போகல.”

இரண்டு நாள் சோறு வந்தது, பேச்சு வரவில்லை. மூன்றாம் நாள் அவளையே ஃபாதரிடம் அழைத்துப்போய், நான் கேட்டதைச் சொல்லுங்கள் என்றேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

“அங்க பேசுனத வெளிய சொல்றதில்லைங்கம்மா. உயிரே போனாலும் சொல்ல மாட்டோம்.”

செல்வியின் முகம் வெளுத்துவிட்டது.

வீட்டுக்கு வந்து கடைசி ஆயுதமாக நாட்குறிப்பை நீட்டினேன். கிழமை, நேரம், கேள்வி, பதில், எல்லாம் வரிசையாக இருந்தன. ஒரு வரி விடாமல் படித்தாள்.

“பொய்யக்கூட மணி போட்டு எழுத உங்களாலதாங்க முடியும்,” என்றவள், அதற்குமேல் அடக்க முடியாமல் சிரித்துவிட்டாள். நம்பித்தான் சிரித்தாளா என்று கேட்கும் துணிச்சல் இன்னும் வரவில்லை.

இப்போதெல்லாம் நான் வீடு திரும்பத் தாமதமாகி, யாராவது போனில் என்னைக் கேட்டால், “கர்தினாலுக்கு அர்த்தம் கேக்கப் போயிருக்காருங்க” என்கிறாள் என் மகள். சொந்தக்காரர்கள் மேற்கொண்டு எதுவும் கேட்பதில்லை.