ரிப்போர்ட்டு பாயும் நாலு சீசாப் பாலும்

திண்டுக்கல் சீமையில் எந்தப் பசுவும் ரிப்போர்ட்டு பாயிடம் எதையும் மறைத்துவிட முடியாது. மாட்டுக்காரர்கள் மறைப்பார்கள், மாடு மறைக்காது. தன் உடம்புக்கு என்ன என்பதைப் பாலிலேயே ஒப்பித்துவிடும் என்பது அவர் கட்சி.

கன்னிவாடிப் பக்கம் ஒரு பால் சொசைட்டியில் நான் செகரட்டரியாக இருந்தபோது, பரிசோதகராக வந்து சேர்ந்தவர். பேகம்பூர்க்காரர். சொந்தப் பெயர் ஒன்று இருந்தது. அது யாருக்கும் தேவைப்படவில்லை. நாலு குழி வைத்த பிளாஸ்டிக் தட்டும் ஊதா மருந்துத் தண்ணீரும்தான் அவர் ஆயுதம். நாலு காம்புப் பாலையும் தனித்தனிக் குழியில் ஊற்றி, மருந்து கலந்து ஆட்டுவார். தண்ணீராகவே ஓடினால் மடி சுகம். கஞ்சியாகக் கெட்டிப்பட்டால் அந்தக் காம்பில் நோய் ஆரம்பம். பார்வைக்கு மாடும் நன்றாக இருக்கும், பாலும் வெள்ளை வெளேரென்று இருக்கும். கஞ்சி மட்டும் காட்டிக்கொடுத்துவிடும்.

ஒரு கல்யாண வீட்டுக்கு அவரைக் கூட்டிப்போய் நான் பட்ட பாடு இருக்கிறதே! மணமக்களுக்குக் கொடுக்கக் காய்ச்ச வைத்திருந்த பச்சைப் பாலில் கொஞ்சம் எடுத்து, பந்தி இலை ஓரமாகத் தட்டை ஆட்ட ஆரம்பித்துவிட்டார்.

"அண்ணே, இந்த மாட்டுக்கு மடி சரியில்ல. வீடு எங்க இருக்கு?"

மாப்பிள்ளையின் தாய்மாமன் வேட்டியை மடித்துக் கட்டினார். "ஏலே, பொண்ணு மாப்பிள்ளைய விசாரிக்கிற எடத்துல மாட்டு வீட்ட விசாரிக்கிறான், யாருலே இவன்?"

பாயை இழுத்துக்கொண்டு ஓடி வந்தேன். எனக்குப் பாயாசம் போச்சு.

இப்பேர்ப்பட்டவரிடம்தான் எங்கள் சொசைட்டியில் பால் ஊற்றும் ராசாத்தி அக்கா மாட்டிக்கொண்டார். அக்காவுக்கு இருந்தது ஒரே மாடு. அதுவும் கொஞ்ச நாளாகச் சோர்ந்து நின்றது. நோய் என்று ரிப்போர்ட் வந்தால் குணமாகும்வரை சொசைட்டியில் பால் எடுக்க மாட்டோம். வீட்டில் அடுப்பு எரிவதே அந்தப் பாலில்தான்.

அக்கா ஒரு காரியம் செய்தார். பரிசோதனைக்குப் பால் கொண்டுவரப் பாய் கொடுத்திருந்த நாலு சீசாக்களையும் எடுத்துக்கொண்டு, பக்கத்து வீட்டு மீனாட்சி கடைக்குப் போன நேரம் பார்த்து, அவள் மாட்டில் காம்புக்கு ஒரு சீசாவாகக் கறந்து வந்துவிட்டார். வேலித் தகராறில் இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. மாட்டுக்கு அந்தத் தகராறு தெரியாது, நின்று கொடுத்திருக்கிறது.

பாய் தட்டை ஆட்டினார். பின் இடது குழி கஞ்சி!

"அக்கா, மடிநோய் ஆரம்பம். இப்பவே வைத்தியம் பாக்கலன்னா காம்பு செத்துப்போகும்."

உண்மையைச் சொன்னால் திருட்டு. சொல்லாவிட்டால் பால் நின்றுவிடும். "எம்மாட்டுக்கு ஒண்ணுமில்ல பாய். ஒங்க தட்டுதேன் கோளாறு!" என்று ஒரே போடாகப் போட்டார்.

பாய் நேரே அக்கா வீட்டுத் தொழுவத்துக்குப் போய்த் தன் கையாலேயே கறந்து பார்த்தார். நாலு குழியும் தண்ணீர். மறுபடி பார்த்தார். தண்ணீர். மாட்டுக்கு வெறும் வெயில் அசதி.

திரும்பி வந்தவர் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. டீ கூடக் குடிக்கவில்லை.

"தப்பான ரிப்போர்ட்டு குடுத்து அந்தக்கா பொழப்புல மண்ணள்ளிப் போடப் பாத்தேன் சார். நாளையிலருந்து வேற ஆளு பாத்துக்கங்க."

"மனுசன்னா தப்பு வரத்தான் செய்யும் பாய்."

"மாடு என்னைய நம்பியில்ல சார் பால் குடுக்குது?"

சொல்லிவிட்டுத் தட்டைக் கழுவிக் கவிழ்த்தார்.

மறுநாள் காலை, பால் ஊற்ற வந்த வரிசையில் ஒவ்வொருவரிடமாக விடைபெற ஆரம்பித்தார். "கருப்பிக்குத் தண்ணி கூடக் காட்டுங்க. சிவப்பிய வெயில்ல கட்டாதீங்க." ராசாத்தி அக்கா முறை வந்ததும் கையெடுத்துக் கும்பிட்டார். "மன்னிச்சிருங்கக்கா."

அவ்வளவுதான், அக்கா உடைந்துவிட்டார்.

"போகாதீக பாய்! நீங்க சொன்னது சரிதேன். அது எம்மாட்டுப் பாலு இல்ல. இந்தா நிக்கிறாளே மீனாச்சி, இவ மாட்டுல களவாக் கறந்தது!"

பின்னால் நின்ற மீனாட்சி தூக்குச்சட்டியை ஓங்கிவிட்டாள். "அடி களவாணிச் சிறுக்கி!"

பாய் இருவருக்கும் நடுவில் குதித்தார். "அப்ப கஞ்சி சரிதானா? மீனாச்சிக்கா, பின் இடது காம்பு! அடிக்கிறத அப்புறம் அடிங்க, மொதல்ல மாட்டப் பாருங்க!"

ஓங்கிய சட்டி அப்படியே நின்றது. மீனாட்சிக்கு முகம் வெளிறிவிட்டது.

"ஒன்னய வந்து வச்சுக்கிறேன்டி. இப்ப வா, மாட்டப் புடிக்க ஆளு வேணும்" என்று ராசாத்தி அக்காவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள். பின்னாலேயே பாய் ஓடினார். நான் கால்நடை டாக்டருக்குப் போன் போட்டேன். நோய் முற்றுமுன் பார்த்ததால் காம்பு பிழைத்தது.

சட்டையெல்லாம் சாணியும் வாயெல்லாம் பல்லுமாகத் திரும்பி வந்தார் பாய்.

"சார், மருந்துத் தண்ணி தீரப்போகுது. வாங்கணும்."

"வேற ஆளு பாக்கச் சொன்னீங்களே?"

"நானா?"

தொல்லை பிடித்த மனுஷன்! ஆனால் அவர் போய்விடுவாரோ என்று அன்று காலை நான் தவித்த தவிப்பு எனக்குத்தான் தெரியும். "நீங்களே இருங்க பாய்" என்றேன். மருந்துத் தண்ணீருக்கு ஆர்டர் எழுத உட்கார்ந்தேன்.